தோலாவிராவைத் தண்ணீரின் வழியே பாருங்கள்: முதல்முறை போகிறவர்களுக்கு

குஜராத்தில் உள்ள பழைய சிந்துவெளி நகரமான தோலாவிராவுக்கு முதல்முறை போனபோது ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டேன். ஏப்ரல் மாதம், உச்சிவெயில். எங்கே பார்த்தாலும் கல்சுவர். எது வீடு, எது தெரு, எது மதில் என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. நிறையப் படம் எடுத்தேன். ஊருக்கு வந்து அவற்றை வீட்டாருக்குக் காட்டியபோது, "இது என்ன?" என்று கேட்டதற்கு ஒன்றுக்குக்கூடப் பதில் சொல்ல முடியவில்லை.

இரண்டாம் முறை ஒரே ஒரு கேள்வியோடு போனேன். ஆண்டுக்கு 30 சென்டிமீட்டரை ஒட்டித்தான் மழை, சுற்றிலும் உப்புப் பாலை, வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. இங்கே ஒரு நகரம் ஏறக்குறைய 1,500 ஆண்டுகள் எதைக் குடித்து வாழ்ந்தது? (சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் பெய்கிறது, நாம் லாரிக்குக் காத்து நிற்கிறோம்.) அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நடந்ததும் கற்கள் ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கின. கண்மாய், மடை, வரத்துக்கால் என்று கேட்டு வளர்ந்த யாருக்கும் இந்த வழி எளிது. அதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

கிளம்பும் முன்

தோலாவிரா குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில், பெரிய ரண் என்னும் உப்புப் பாலைக்கு நடுவே உள்ள காதிர் தீவில் இருக்கிறது. தீவு என்றால் கடல் நடுவே அல்ல. மழைக்காலத்தில் ரண்ணில் தண்ணீர் ஏறும்போது தீவு, மற்ற மாதங்களில் வெள்ளை உப்புத் தரைக்கு நடுவே ஒரு மேட்டுநிலம். கடக ரேகை இந்த வட்டாரத்தின் வழியாகத்தான் போகிறது.

இது சிந்துவெளி நாகரிகத்தின் பெரிய நகரங்களுள் ஒன்று. 1960களின் இறுதியில் இந்தியத் தொல்லியல் துறையின் ஜகத்பதி ஜோஷி இதை அடையாளம் கண்டார். 1989-90இல் ஆர்.எஸ். பிஷ்ட் தலைமையில் அகழாய்வு தொடங்கிப் பல பருவங்கள் நடந்தது. 2021 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. மொகஞ்சதாரோவும் ஹரப்பாவும் பாகிஸ்தானில் இருப்பதால், சிந்துவெளியின் பெருநகரம் ஒன்றில் நடந்து பார்க்க விரும்பும் நமக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் கருத்து. ஹரியானாவில் உள்ள ராகிகடி பெரியதுதான். ஆனால் அங்கே நகரத்தின் பெரும்பகுதி இன்னும் மண்ணுக்கடியில், சில மேடுகளின்மேல் இன்றைய ஊரே இருக்கிறது.

காலக்கணக்கு ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தோலாவிராவில் மக்கள் குடியேறியது கி.மு. 3000 வாக்கில். நகரம் செழித்தது கி.மு. 2600 முதல் 1900 வரை. கடைசியாக ஆட்கள் வாழ்ந்தது கி.மு. 1500 வாக்கில். பிஷ்ட் இதை ஏழு கட்டங்களாகப் பிரித்தார். ஏழையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். முதலில் சிறு குடியிருப்பு, பிறகு பெருநகரம், பிறகு தேய்வு, கடைசியில் வட்டக் குடிசைகள் என்று நான்காகப் பார்த்தால் போதும்.

அப்புறம், ஒரு வரைபடம். தொல்லியல் துறையோ யுனெஸ்கோவோ வெளியிட்ட நகர அமைப்புப் படம் ஒன்றைக் கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் தாளில் அச்செடுங்கள். களத்தில் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

எப்போது, எந்த வழியாக

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள். மார்ச் பாதியிலேயே வெயில் கடுமை. களத்தில் நிழல் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரியில் ரண் திருவிழாவுக்குக் கூட்டம் வரும். பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் கட்ச் முழுக்க அறை வாடகை ஏறிவிடும். அந்த நாள்களைத் தவிர்த்தால் செலவு குறையும்.

தென்மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வாரம் ஒருமுறை காந்திதாமுக்கு நேரடி ரயில் ஓடுகிறது. காந்திதாம் கட்ச் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. சென்னையிலிருந்து அகமதாபாத்துக்கு நவஜீவன் எக்ஸ்பிரஸ். அங்கிருந்து கட்ச்சின் மாவட்டத் தலைநகரான புஜ் போகும் ரயிலில் ஏறி, பச்சாவில் இறங்கிக்கொள்ளலாம். பச்சாவிலிருந்து ராப்பர் வழியாகக் கார்தான். ராப்பரைத் தாண்டியும் 90 கிலோமீட்டர் போல இருக்கிறது. பேருந்தை நம்பினால் ஒரு நாள் போய்விடும். நான்கு பேர் சேர்ந்து வண்டி பேசிக்கொள்வது நல்லது.

புஜ்ஜிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு வழி, காவ்டா வழியாக ரண்ணுக்கு நடுவே போடப்பட்ட சாலை. இரண்டு பக்கமும் உப்பு வெளி. 'சொர்க்கத்துக்குப் போகும் சாலை' என்று பெயரே வைத்துவிட்டார்கள். பச்சாவைச் சுற்றிப் போகும் 200க்கும் மேற்பட்ட கிலோமீட்டர் இந்த வழியில் 140 அளவுக்குக் குறைகிறது. போகும்போது ஒரு வழி, திரும்பும்போது மறு வழி என்று வைத்துக்கொண்டால் இரண்டையும் பார்த்துவிடலாம். எல்லைக்கு அருகிலுள்ள பகுதி, அடையாள அட்டை கையில் இருக்கட்டும். ராப்பரிலேயே பெட்ரோலை நிரப்பிக்கொள்ளச் சொல்லுங்கள்.

முக்கியமானது: முதல் நாள் மாலையே தோலாவிராவுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கேயே தங்குங்கள். களத்துக்கு அருகே தங்கும் இடங்கள் இருக்கின்றன. காலையில் புஜ்ஜிலிருந்து கிளம்பி வந்தால், நான் முதல்முறை மாட்டிக்கொண்டதுபோல் நடுப்பகலில்தான் களத்துக்குள் நுழைவீர்கள். இரவுச் சாப்பாட்டுக்குக் கம்பு ரொட்லா, கடி என்னும் மோர்க்குழம்பு, கிச்சடி, மோர் கிடைக்கும். இந்த வறண்ட மண்ணில் இன்று என்ன விளைகிறது என்பதைத் தட்டிலேயே பார்த்துவிடலாம்.

நடக்கத் தொடங்குங்கள்: கிழக்கு நீர்த்தேக்கம்

களம் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். அருங்காட்சியகத்தை வெயில் ஏறிய பிறகு பார்க்கலாம். (தொல்லியல் துறையின் கள அருங்காட்சியகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமை விடுமுறை. நாளைக் குறிக்கும்போது இதைப் பாருங்கள்.) தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், தொப்பி, நல்ல செருப்பு அல்லது ஷூ. தரை முழுக்கக் கல்.

முதலில் கோட்டைக்கு ஓடாதீர்கள். அதன் கிழக்கே உள்ள பெரிய நீர்த்தேக்கத்தின் கரையில் நில்லுங்கள். 70 மீட்டருக்கும் மேல் நீளம். மூலையில் கல்படிகள் வரிசையாகக் கீழே இறங்குகின்றன. மொகஞ்சதாரோவின் புகழ்பெற்ற பெருங்குளம் சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம்தான். அதை இதற்குள் வைத்தால் ஒரு மூலையில் அடங்கிவிடும்.

இப்போது திரும்பி நிலத்தின் சரிவைப் பாருங்கள். கிழக்கிலிருந்து மேற்காக ஏறத்தாழ 13 மீட்டர் இறங்குகிறது. கண்ணுக்கு உடனே தெரியாது, ஆனால் நகரத்தை அமைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வடக்கே மான்சர், தெற்கே மன்ஹர் என்று இரண்டு ஓடைகள். மழைக்காலத்தில் மட்டும் ஓடுபவை, சில நாள்கள்தான். அவற்றின் குறுக்கே தடுப்பணை கட்டி, வந்த வெள்ளத்தைத் திருப்பி, மதிலை ஒட்டி வரிசையாக வெட்டிய தேக்கங்களுக்குள் விட்டார்கள். ஒன்று நிரம்பினால் அடுத்தது. நம் ஊரில் மேல்கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழிந்து கீழ்க்கண்மாய்க்குப் போவது போன்ற ஏற்பாடு. இங்கிருந்துதான் அது நமக்கு வந்தது என்று சொல்ல வரவில்லை, அப்படிச் சொல்லச் சான்று எதுவும் கிடையாது. மழையை நம்பி வாழ்ந்த இரண்டு மக்கள் ஒரே விடைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த விடையை முன்பே அறிந்த கண்ணோடு நாம் அங்கே நிற்கிறோம்.

இந்தக் கரையில் குறைந்தது பதினைந்து நிமிடம் இருங்கள். மழை பெய்த மறுநாள் இங்கே எப்படி இருந்திருக்கும், படியில் யார் இறங்கியிருப்பார்கள், கோடை முற்றும்போது எத்தனையாவது படியில் தண்ணீர் நின்றிருக்கும் என்று யோசியுங்கள். இவ்வளவு படிகளை ஏன் வெட்டினார்கள் என்பது அப்போது தானாகப் புரியும்: தண்ணீர் இறங்க இறங்க மனிதரும் இறங்க வேண்டியிருந்தது.

கோட்டைக்குள்

இப்போது மேலே ஏறுங்கள். பிஷ்ட் இந்த உயர்ந்த பகுதியைக் 'காஸில்' என்றும், அதற்கு மேற்கே ஒட்டியிருப்பதைப் 'பெய்லி' என்றும் அழைத்தார். நான் இரண்டையும் சேர்த்துக் கோட்டை என்றே சொல்கிறேன். மதிலின் பருமனைப் பாருங்கள். உள்ளே சுடாத மண்செங்கல், வெளியே கல் பதித்திருக்கிறார்கள். சிந்துவெளி என்றாலே செங்கல் என்று படித்து வந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். இங்கே பக்கத்திலேயே நல்ல சுண்ணாம்புக்கல் கிடைத்தது, அதை வெட்டி எடுத்துப் பயன்படுத்தினார்கள். வாசல்களில் மெருகேற்றிய தூண் பகுதிகளைக் காணலாம். நாலாயிரம் ஆண்டுக்கு மேலாகியும் வழவழப்பு போகவில்லை. தொட்டுப் பார்க்க ஆசை வரும், தொடாதீர்கள்.

உள்ளே ஒரு பெரிய கிணறு இருக்கிறது. அதன் விளிம்புக் கல்லைக் கூர்ந்து பாருங்கள். கயிறு உராய்ந்து உராய்ந்து விழுந்த தடங்கள் தெரியும். என்னைப் பொறுத்தவரை தோலாவிராவில் மனத்தை மிகவும் தொட்ட இடம் இதுதான். அரசர் யார், மொழி எது என்று எதுவுமே தெரியாத ஒரு நகரத்தில், தினமும் தண்ணீர் இறைத்த கைகளின் தடம் மட்டும் கல்லில் நிற்கிறது. என் பாட்டி வீட்டுக் கிணற்றுக் கட்டையிலும் இப்படித்தான் பள்ளம் விழுந்திருந்தது.

கோட்டைக்கு அடியில் ஓடும் கால்வாய்களைச் சாக்கடை என்று நினைத்துவிடாதீர்கள். பலர் இந்த இடத்தில் தவறு செய்கிறார்கள். இவை மழைநீர் வடிகால்கள். கோட்டையின்மேல் விழும் மழையில் ஒரு துளியும் வீணாகாமல் சேர்த்துத் தேக்கத்துக்குக் கொண்டுபோகக் கட்டியவை. சில இடங்களில் ஆள் நடந்துபோகும் உயரம் இருக்கிறது. தளத்தில் கல் பாவியிருக்கிறார்கள், சரிவு கொடுத்திருக்கிறார்கள், காற்றுப் போக வழி விட்டிருக்கிறார்கள். வீட்டுக் கழிவுநீருக்கு ஏற்பாடு தனி. மழைநீரும் கழிவுநீரும் கலக்கக் கூடாது என்ற தெளிவு அன்றைக்கே இருந்திருக்கிறது.

கோட்டையின் தெற்கே இறங்கினால் பாறையிலேயே குடைந்த தேக்கங்கள் வரிசையாக இருக்கும். கிழக்குத் தேக்கத்தைப் பார்த்த கண்ணுக்கு இங்கே விளக்கம் தேவைப்படாது. எந்தப் பக்கம் தண்ணீர் நுழைந்தது, எந்தப் பக்கம் வெளியேறியது என்று நீங்களே தேடுங்கள். குழந்தைகளோடு போனால் இதை ஒரு விளையாட்டாகவே நடத்தலாம்.

வடக்கு வாசலும் பத்து எழுத்துகளும்

கோட்டையின் வடக்கு வாசலை ஒட்டிய ஓர் அறையில்தான் அந்தப் பெயர் பெற்ற எழுத்துப் பலகை கிடைத்தது. மரப்பலகை ஒன்றில் வெள்ளை ஜிப்சத் துண்டுகளைப் பதித்துச் செய்த பத்துக் குறிகள். ஒவ்வொன்றும் ஒன்றேகால் அடிக்கு நெருக்கமான உயரம். பலகை மக்கிப்போய்விட்டது, பதித்த துண்டுகள் மட்டும் வரிசை குலையாமல் மண்ணில் கிடந்தன. அதன் படத்தைப் போகும் முன்பே பார்த்து மனத்தில் பதியவைத்துக்கொள்ளுங்கள். சக்கரம்போன்ற ஒரு குறி நான்கு முறை வரும்.

சிந்துவெளி எழுத்துகள் பெரும்பாலும் தீப்பெட்டியைவிடச் சிறிய முத்திரைகளில் கிடைப்பவை, சராசரியாக ஐந்து குறிகள். அப்படியிருக்க, தூரத்திலிருந்தே படிக்கும்படி பெரிதாக எழுதி வாசல்பக்கம் வைத்திருக்கிறார்கள் என்றால், ஊரில் படிக்கத் தெரிந்தவர்கள் ஓரளவாவது இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. என்ன எழுதியிருக்கிறது? யாரும் இன்னும் எல்லோரும் ஏற்கும்படி படிக்கவில்லை. இரண்டு மொழியில் எழுதிய கல்வெட்டு ஒன்றுகூட இதுவரை கிடைக்காததுதான் பெரிய தடை.

இங்கேதான் தமிழோடு உண்மையான தொடர்பு வருகிறது. இந்த எழுத்தை ஆராய்கிறவர்கள் இன்றும் கையில் வைத்திருக்கும் அடிப்படைத் தொகுப்புகளுள் ஒன்றை 1977இல் வெளியிட்டவர் ஐராவதம் மகாதேவன். மீன் குறி விண்மீனைக் குறிக்கலாம், ஏனென்றால் திராவிட மொழியில் இரண்டுக்கும் 'மீன்' என்ற ஒரே சொல் என்ற கருத்தை ஹீராஸ் பாதிரியார் முன்வைத்தார், பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்போலா அதை விரித்தார். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு இந்த எழுத்தைப் படித்து விளக்குவோருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. இவை எல்லாம் பெருமைக்குரியவை. ஆனால் கருதுகோள் வேறு, நிறுவப்பட்ட உண்மை வேறு. "நான் படித்துவிட்டேன்" என்று யூடியூபில் யார் சொன்னாலும், தமிழ் என்று சொன்னாலும் சமஸ்கிருதம் என்று சொன்னாலும், ஒரே கேள்வியைக் கேளுங்கள்: அதே முறையில் வேறு நூறு முத்திரைகளைப் படித்தால் பொருள் வருகிறதா?

மைதானம், நகரம், கல்லறைகள்

வடக்கு வாசலுக்கு வெளியே நீண்ட வெளி, சுமார் 283 மீட்டர். திருவிழாவா, சந்தையா, விளையாட்டா என்று பல கருத்துகள். அதைத் தாண்டி நடுநகரம், அதற்குக் கிழக்கே கீழ்நகரம். இங்கே வேகமாக நடந்தால் போதும். தெருக்கள் நேர்க்கோட்டில் வெட்டிக்கொள்வதையும் வாசல்கள் எங்கே திறக்கின்றன என்பதையும் கவனியுங்கள். மதில் சூழ்ந்த நகரத்தின் அளவு 771 மீட்டருக்கு 617 மீட்டர். வகுத்துப் பாருங்கள், நீளமும் அகலமும் ஐந்துக்கு நான்கு. கோட்டையும் அதே விகிதம்தான்.

இவ்வளவு சிரமப்பட்டு இந்த உப்பு வெளியில் ஏன் நகரம் கட்டினார்கள்? வியாபாரம். அன்று ரண்ணில் படகு போகும் அளவுக்குத் தண்ணீர் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சங்கும், அகேட், கார்னீலியன் போன்ற மணிக்கற்களும் குஜராத்தில் கிடைத்தன. மணிகளுக்குத் துளையிடும் கடினமான கல் ஊசிகள் தோலாவிராவில் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. இந்த மணிகளும் சங்கு வளையல்களும் கடல் கடந்து மெசபடோமியா வரை போன காலம் அது. அருங்காட்சியகத்தில் மணிகளைப் பார்க்கும்போது துளையின் அளவைக் கவனியுங்கள். வேலையின் கடினம் அதில்தான் இருக்கிறது.

மேற்கே இடுகாடு. கல்வட்டங்களும், அரைக்கோள வடிவில் எழுப்பிய பெரிய மேடுகளும் உண்டு. திறந்து பார்த்த கல்லறைகள் பலவற்றில் எலும்பே இல்லை, படைத்த பொருள்கள் மட்டும் இருந்தன. வேறெங்கோ இறந்தவர்களுக்கு எழுப்பிய நினைவிடங்களாக இருக்கலாம். வணிகத்துக்காகத் தூரதேசம் போனவர்களின் ஊர் என்று நினைத்துப் பார்த்தால் மனம் கனக்கிறது.

கடைசிக் கட்டத்தில் இங்கே வாழ்ந்தவர்கள் வட்டக் குடிசைகளில் இருந்தார்கள். மழை குறைந்தது, மெசபடோமிய வணிகம் தேய்ந்தது என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. திரும்பும் வழியில் கட்ச் கிராமங்களில் 'புங்கா' எனப்படும் வட்ட மண்வீடுகளைக் காண்பீர்கள். வண்டியை நிறுத்தி, கேட்டுவிட்டு, ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். வெளியே கொதிக்கும்போது உள்ளே எவ்வளவு குளிர்ச்சி என்பது தெரியும்.

செய்யக் கூடாதவை

தரையில் கிடக்கும் ஓட்டுச்சில்லோ மணியோ எதையும் எடுக்காதீர்கள். சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். ஒரு சில்லு எந்த இடத்தில், எந்த அடுக்கில் கிடந்தது என்பதுதான் அதன் பாதி வரலாறு. உங்கள் பைக்குள் போன அந்த நொடியில் அது வெறும் ஓடு. சுவர்மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள். ட்ரோன் கொண்டுபோக வேண்டாம். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். இங்கே பல குடும்பத்தினர் அகழாய்வில் வேலை செய்தவர்கள். எந்தக் குழியில் என்ன கிடைத்தது என்று நேரில் கண்டவர்கள் சொல்லக் கேட்பது எந்தப் பலகையிலும் கிடைக்காது. பேசிய கூலியை முழுதாகக் கொடுங்கள்.

திரும்பும் வழியில் லோத்தல்

அகமதாபாத் வழியாகத் திரும்புகிறவர்கள் அரை நாள் ஒதுக்கி லோத்தலுக்கும் போய்விடுங்கள். நகரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். தொல்லியலாளர் எஸ்.ஆர். ராவ் 1950களில் கண்டுபிடித்து அகழ்ந்த, சிந்துவெளிக் காலத்துச் சிறிய துறைமுக ஊர். இங்கே செங்கல்தான். 200 மீட்டருக்கும் மேல் நீளமான ஒரு செங்கல் தொட்டி இருக்கிறது. கப்பல் நிற்கும் துறை என்றார் ராவ். இல்லை, பாசனக் குளம் என்றார்கள் வேறு சிலர். கரைச்சுவர் செங்குத்தாக இறங்குவதை ராவ் தம் பக்கத்துச் சான்றுகளுள் ஒன்றாக வைத்தார். தோலாவிராவின் தேக்கங்களில் இறங்கிய படிகளை நினைவில் வைத்துக்கொண்டு, இந்தத் தொட்டியின் நான்கு பக்கமும் ஒருமுறை நடந்து, தண்ணீர் எடுக்க இறங்குவதற்கு எங்காவது ஒரு படி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.